முதல் பிடி சோறு

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில், வெகுகாலத்துக்குப் பின் மணிமேகலையைக் கையில் எடுத்தேன். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்த நூல். அப்போது மனத்தில் தங்கியது அமுதசுரபி ஒன்றுதான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்! வாசகர்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இந்தத் தடவை, கடற்கரையில் உட்கார்ந்து படித்தபோது, என்னை நிறுத்தியவள் ஆதிரை. மணிமேகலையிடம் பாத்திரம் இருக்கிறது; ஆனால் அது காலி. பத்தினிப் பெண் ஒருத்தியிடம் முதல் பிச்சை ஏற்பதே தகும் என்று அவள் கருதுகிறாள். சாதுவன் என்ற வணிகனின் மனைவி ஆதிரை வீட்டு வாசலில்தான் பாத்திரம் நிறைகிறது. பாத்திரம் கொடுத்தது தெய்வம்; சோறு கொடுத்தது உள்ளூர்க்காரி.

சாத்தனார் அதோடு விடவில்லை. மணிமேகலை அந்தச் சோற்றோடு சோழனின் சிறைச்சாலைக்குள் போகிறாள். மன்னன் மனம் இளகி, சிறையையே அறக்கோட்டமாக்குகிறான். ஆனால் இளவரசன் கொலையுண்டதும் அதே அரண்மனை அவளைச் சிறை பிடிக்கிறது. அரசி அவளைப் புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுகிறாள். ஊருக்குச் சோறிட்டவளுக்குப் பட்டினி! அதிகாரம் இன்றைக்குத் தருமத்தைக் கொண்டாடும், நாளைக்குச் சந்தேகப்படும் என்பது அந்தக் கதாசிரியருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காவியத்தில் எனக்கு ஒரே ஒரு குறை. சிறையில் அவளைப் பசியிலிருந்து காப்பது மந்திரம். ஆதிரையோ வேறொரு பெண்ணோ ஒரு பிடி சோற்றோடு அந்தக் கதவருகில் வந்து நின்றதாக அவர் எழுதவில்லை.

அவர் எழுதாத காட்சியைச் சரித்திரம் எழுதியது. 1930 ஏப்ரலில் ராஜாஜி, உப்பெடுக்கத் தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலம் கட்டி, தொண்டர்கள் போகும் வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்பது போலீசாருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. மந்திரம் எதற்கு? நூறு ஆதிரைகள் போதும்.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1983 கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து அகதிகள் தமிழகம் வந்தார்கள். ஊர் இரங்கியது. 1984இல் அவர்களே தங்களுக்கென்று ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அமைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் எல்லாம் மாறியது. கொலையில் சம்பந்தமே இல்லாத அகதிகள்மீதும், அவர்களுக்குத் தொண்டு செய்யப் போனவர்கள்மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது. நான் பஸ் ஏறிய செங்கற்பட்டிலேயே ஒரு காலத்தில் சிலரைச் சிறப்பு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். பெயர்தான் முகாம், பூட்டு சிறையின் பூட்டு. இளவரசன் கொலைக்குப் பின் மணிமேகலைக்கு நேர்ந்தது நினைவுக்கு வரவில்லையா?

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் நாவல் ஒன்றில் பஞ்சம் வந்தபோது, மிராசுதார் ஒருவரைக் கொண்டு கஞ்சித்தொட்டி திறந்தேன். அத்தியாயம் முழுவதும் அவர் பெருந்தன்மைதான். குறுணை அரிசி கொண்டுவந்து கொட்டிய தெருப் பெண்களுக்கு ஒரு வரிகூட இல்லை. வாசகர்கள் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்துபோனேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு மிராசுதாரை மிரட்ட ஒரு தாசில்தார் போதும். மரக்கிளையில் தொங்கும் பொட்டலத்தை யாரால் மிரட்ட முடியும்?

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தப்போகிறேன். மிராசுதார் இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்கு முன்னால் ஒருத்தி வந்து முதல் பிடி அரிசியைப் போடட்டும். அவள் பெயரை நான் கேட்கமாட்டேன்.