இறைச்சியின் சரியான விலை

"இன்றைக்கு இருக்கிற கம்ப்யூட்டர் மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் சோவியத் யூனியன் விழுந்திருக்காது." இருபதுகளில் நான் இதைப் பல டீக்கடைகளில் சொல்லியிருக்கிறேன். இன்ஜினியரிங் படித்த, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்த பையன்களுக்கு ரொம்பப் பிடித்த வாதம் இது. சோஷலிசம் தோற்றது ஹார்டுவேரால் என்று சொல்லிவிட்டால் யார் மீதும் பழி விழாது. பிரான்சிஸ் ஸ்பஃபர்டின் 'ரெட் பிளென்டி'யையும் (2010) அந்த வாதத்துக்கு ஆதாரம் தேடித்தான் எடுத்தேன். கிடைத்தது வேறு.

நாவல் என்றும் சொல்ல முடியாத, வரலாறு என்றும் சொல்ல முடியாத புத்தகம் இது. குருஷேவ் காலம். ஸ்டாலின் போய்விட்டார், ஸ்புட்னிக் பறந்துவிட்டது. 1980க்குள் மக்களுக்கு எல்லாம் ஏராளமாகக் கிடைக்கும் என்று 1961இல் கட்சி எழுத்துபூர்வமாக வாக்குக் கொடுக்கிறது. அந்த ஏராளத்தை உண்மையிலேயே நம்பியவர்களின் கதையை ஸ்பஃபர்டு ஒரு ரஷ்யத் தேவதைக் கதை மாதிரி சொல்கிறார். நிஜ மனிதர்களும் கற்பனை மனிதர்களும் கலந்து வருகிறார்கள். எது நடந்தது, எது அவர் சேர்த்தது என்பதைப் பின்குறிப்புகளில் நேர்மையாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறார். தனக்கு ரஷ்ய மொழி தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். அது சில இடங்களில் தெரியத்தான் செய்கிறது. மாஸ்கோக்காரர்கள் திடீரென்று லண்டன்காரர்கள் மாதிரி கிண்டலடிக்கிறார்கள்.

கதையின் மையம் லியோனிட் கான்டரோவிச் என்ற கணித மேதை. 1930களின் இறுதியில் லெனின்கிராடில் பிளைவுட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று அவரிடம் ஒரு சிக்கலோடு வருகிறது. பல வகை மரங்கள், பல இயந்திரங்கள், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒவ்வொரு மரத்தில் ஒரு வேகம். எந்த மரத்தை எதில் ஏற்றினால் அதிக பிளைவுட் கிடைக்கும்? இதற்கு அவர் கண்டுபிடித்த முறையைத்தான் இன்று லீனியர் புரோகிராமிங் என்கிறோம். 1975இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டதும் இந்த வழியில் வந்த வேலைக்காகத்தான்.

அந்தக் கணக்கைப் போடும்போது விடையோடு சேர்ந்து இன்னொன்றும் வந்துவிழுகிறது. இந்த இயந்திரம் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் எவ்வளவு பிளைவுட் அதிகம் கிடைக்கும் என்று சொல்லும் ஓர் எண். இன்று அதற்குப் பெயர் நிழல் விலை. சந்தையே இல்லாத இடத்தில், ஒரு பொருள் எவ்வளவு அரிது என்று கணக்கே வாய் திறந்து சொல்கிறது. கான்டரோவிச்சுக்கு வினையானதும் இதுதான். உழைப்பால்தான் மதிப்பு உருவாகிறது என்பது அங்கே வேதம். உழைப்பைத் தவிர வேறொன்றும் மதிப்பைத் தீர்மானிக்கும் என்று ஒருவர் சொன்னால் சும்மா விடுவார்களா? 1942இல் எழுதி முடித்த புத்தகம் அச்சாக 1959 ஆனது.

நிழல் விலை இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்பஃபர்டு ஒரு அருமையான கதை வைத்திருக்கிறார். ஒரு விஸ்கோஸ் ஆலை. திட்டம் கேட்கும் அளவை அதன் பழைய இயந்திரத்தால் எட்டவே முடியாது. புதிய மாடல் கிடைக்கட்டும் என்று நிர்வாகிகளே இயந்திரத்தை உடைத்து விபத்து என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஆனால் மாற்றாக வருவதும் அதே பழைய மாடல்தான். ஏன் என்று கண்டுபிடிக்க செகுஸ்கின் என்ற தரகரை அனுப்புகிறார்கள். காரணம் இதுதான்: புதிய இயந்திரம் எடை குறைவு. விலையோ எடையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. நல்ல இயந்திரத்தை விற்றால் தயாரிப்பாளருக்கு வருமான இலக்கில் துண்டு விழும். இதில் ஒருவர்கூட முட்டாள் இல்லை. அவரவர் இடத்தில் எல்லோரும் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த நிமிடம் என் டீக்கடை வாதம் ஜெயித்ததாகவும் தோன்றியது. விலையைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் இது நடந்திருக்காதே!

அப்புறம் நோவோசெர்காஸ்க் வந்தது.

1962 ஜூன் 1. இறைச்சி விலை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்கிறது, வெண்ணெய் 25. பொருளாதாரமாகப் பார்த்தால் இதில் தப்பில்லை. பண்ணைகள் மாடு வளர்க்க ஆகிற செலவுக்கும் குறைவாகத்தான் அரசிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டிருந்தன. கான்டரோவிச்சின் கணக்கைக் கேட்டிருந்தாலும் ஏற்றத்தான் சொல்லியிருக்கும். ஆனால் அந்த ஊரின் ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் சற்று முன்புதான் உற்பத்தி அளவுகளையும் கூட்டியிருந்தார்கள். அதாவது அதே வேலைக்குக் குறைந்த கூலி. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், மறுநாள் ஊருக்குள் ஊர்வலம் வந்தார்கள். ராணுவம் சுட்டது. 26 பேர் இறந்தார்கள் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. உடல்கள் ரகசியமாகப் புதைக்கப்பட்டன. அதற்குப் பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எடையை வைத்துப் போட்ட பொய் விலை ஒரு ஆலையைக் கெடுத்தது, புரிகிறது. ஆனால் இங்கே ஆட்களைக் கொன்றது பொய் விலை இல்லை, கிட்டத்தட்ட சரியான விலை.

எனக்கு இது புரிந்ததற்கு என் வேலையும் ஒரு காரணம். ஒருமுறை ஒரு நிறுவனத்துக்கு ஷிப்ட் அட்டவணை போடும் புரோகிராம் எழுதினேன். உள்ளே ஓடியது கான்டரோவிச்சின் கணக்கின் வாரிசுதான். 'ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு இரவு ஷிப்ட் கூடாது' என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். அதை எடுத்தால் செலவு குறைகிறது என்று சொன்னார்கள். எடுத்தேன். செலவு குறைந்தது. புரோகிராம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதைக் கூட்ட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதை வெளியிலிருந்து யாரோ எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் எதற்கும் அது உத்தம விடை கண்டுபிடித்துத் தரும். இரவு ஷிப்ட் பார்த்தவர்களிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

சோவியத் திட்டமிடலில் இல்லாமல் போனதும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கம்ப்யூட்டர் வேகம் அடுத்த பிரச்சினை. இறைச்சி விலை ஏறினால் என் வீட்டில் என்ன ஆகும் என்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு வழி இருந்ததா? நிஜமான தொழிற்சங்கமோ, பயமில்லாமல் எழுதும் பத்திரிகையோ, தோற்கடிக்கக்கூடிய தேர்தலோ அங்கே இல்லை. திட்டத்துக்கு 'முடியாது' என்று சொல்ல ஊர்வலம் ஒன்றுதான் மிச்சம். பிறகு அரசும் பயந்துபோனது. உணவு விலையைத் தொடாமல் மானியத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தது. 1965 கோசிகின் சீர்திருத்தத்தில் லாபத்துக்கு இடம் கிடைத்தது, கான்டரோவிச் கேட்ட விலைகளுக்குக் கிடைக்கவில்லை. ஸ்பஃபர்டு இதைக் கணிதக்காரர்களின் சோகமாக எழுதுகிறார். அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. நோவோசெர்காஸ்க் அத்தியாயத்தைக்கூட ஒரு இளம் கட்சி ஊழியனின் கண் வழியாகத்தான் காட்டுகிறார். ஊர்வலத்தில் நடந்த ஒருவரின் தலைக்குள் நாம் போவதே இல்லை. கேட்கப்படாதவர்களைப் பற்றிய புத்தகம் அவர்களைக் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

அப்படியானால் சந்தையிடம் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஒரு கணக்குதான். அதில் ஒவ்வொருவரின் குரலும் அவர் பையில் இருக்கும் பணத்தின் அளவுக்குக் கேட்கும். பை காலியானவர் அங்கேயும் ஊர்வலம்தான் போக வேண்டும்.

பெரிய ஆன்லைன் கடைகள் கோடிக்கணக்கான பொருட்களைத் திட்டமிட்டே நகர்த்துகின்றன, ஆகவே சோஷலிசமும் இனி சாத்தியம் என்று இப்போது நண்பர்கள் வாதிடுகிறார்கள். நல்ல வாதம். கணக்கு ஓடும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அந்தக் கடைகளின் கிடங்கில் வேலை செய்பவர் கணக்கில் ஒரு நிபந்தனை சேர்க்க முடியுமா என்று மட்டும் திருப்பிக் கேட்கிறேன். இன்னும் நான் சோஷலிஸ்ட்தான், டீக்கடையில் சொல்கிற வசனம் மட்டும் மாறிவிட்டது.

'ரெட் பிளென்டி'யை முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் விஸ்கோஸ் இயந்திரம் வரும் அத்தியாயங்களையும் நோவோசெர்காஸ்க்கையும் மட்டுமாவது படியுங்கள். இயந்திரத்தை முதலில் படித்துவிடுங்கள். நோவோசெர்காஸ்க்குக்குப் பிறகு அதைப் படித்தால் சிரிப்பு வராது.