ஜின்னுக்குத் திண்டுக்கல்லில் என்ன சேர்மானம்?

ஜின் குடிக்கிறவர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு வாதம் செல்வாக்காக உலவுகிறது. ஜின் என்பது மசாலாப் பொருட்களை ஊறவைத்து வடிக்கிற சாராயம். நம் சாப்பாடும் மசாலாச் சாப்பாடு. ஆகவே விஸ்கி, பிராந்தியைக் காட்டிலும் ஜின்தான் இந்தியச் சாப்பாட்டுக்குப் பிறவித் துணை என்பது அது. 2017இல் கோவாவிலிருந்து ‘கிரேட்டர் தன்’ வந்து, அதைத் தொடர்ந்து ‘ஹப்புசா’, ‘ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்’, ‘ஜெய்சல்மேர்’ என்று உள்நாட்டு ஜின்கள் வரிசை கட்டிய பிறகு இந்த வாதத்துக்கு விளம்பர பலமும் கிடைத்துவிட்டது. சரிதானா என்று பார்க்க, சாதுவான சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பயனில்லை. திண்டுக்கல் பிரியாணியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வாதத்தை அதன் பலமான வடிவிலேயே வைத்துப் பார்ப்போம். ஜின்னை ஜின் ஆக்குவது ஜூனிப்பர் காய். அது நம் பக்கம் விளைவதில்லை. ‘கிரேட்டர் தன்’ அதை மாசிடோனியாவிலிருந்து வரவழைக்கிறது, ‘ஹப்புசா’ இமயமலையில் பறிக்கிறது. மற்றவை பெரும்பாலும் நமக்குத் தெரிந்த சரக்கு. அடுத்த இடம் கொத்தமல்லி விதைக்கு. பிறகு எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல், ஏலக்காய், பட்டை, சிலவற்றில் மிளகு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஏறினால் ஏலமும் மிளகும் கமலா ஆரஞ்சும் ஒரே தோட்டத்தில் கிடைக்கும். சிறுமலையில் எலுமிச்சை விளைகிறது. ஒரு ஜின்னுக்கு வேண்டியவற்றில் பலவும் திண்டுக்கல் மாவட்டத்து மலைகளிலேயே உண்டு. மல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல் என்ற வாசனைப் பொருள். அதே மல்லிதான் நம் மசாலா டப்பாவிலும் முதலிடத்தில் இருக்கிறது. உறவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் உறவு இருப்பதனாலேயே பொருத்தம் வந்துவிடாது. என் அளவுகோல் ஒன்றுதான். தட்டும் தம்ளரும் சேர்ந்து கொடுக்கிற ருசி, ஜின்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எலுமிச்சை சோடாவை வைத்தாலும் அப்படியே கிடைக்குமானால், பெருமை ஜின்னுக்குப் போகக் கூடாது. அந்தப் பெருமை எலுமிச்சைக்கு உரியது.

பிரியாணிக்கு வருவோம். 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று தொடங்கி, அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாவால் தலப்பாக்கட்டியாக நிலைத்த கடையிலிருந்து, ஊருக்குள் இன்று பேர் சொல்லும் மற்றக் கடைகள் வரை அடிப்படை ஒன்றே. சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னதாக நறுக்கிய கறி, சிவப்பு மிளகாயை அதிகம் நம்பாமல் மிளகையும் பச்சை மிளகாயையும் நம்புகிற காரம், தயிரும் எலுமிச்சையும் தருகிற புளிப்பு, புதினா, மல்லித்தழை. கறி சின்னத் துண்டு என்பதால் ஒவ்வொரு கவளத்திலும் கொழுப்பும் அரிசியும் சேர்ந்தே வாய்க்குள் போகின்றன. சீரகச் சம்பா சின்ன மணி. கறிச்சாற்றைக் குடித்துவிட்டு உதிர்ந்து நிற்கும். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரில்தான் அந்த ருசி என்பது ஊர்க்காரர்களின் பழைய பெருமை. அதை நிரூபிக்க இயலாது, சொல்லிக்கொள்வதில் கேடும் இல்லை. முக்கியமானது வேறு. இந்தப் பிரியாணிக்குள் காரம், கொழுப்பு, புளிப்பு, பச்சிலை வாசனை நான்கும் ஏற்கெனவே ஒன்றையொன்று சரிக்கட்டி முடித்துவிட்டன. வெளியிலிருந்து வருகிறவர் செய்வதற்கு வேலை எதையும் மிச்சம் வைக்காத சமையல் இது.

இதன் பக்கத்தில் ஜின்னை வைத்தால் முதல் சிக்கல் காரத்தில் வருகிறது. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் நாக்கில் சூட்டை உணரும் ஒரே ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகின்றன. சாதாரணமாக 42 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் எழ வேண்டிய அந்த ஏற்பி, சாராயம் பட்டால் ஏறக்குறைய 34 டிகிரியிலேயே எழுந்துவிடுகிறது என்று 2002இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாயின் சாதாரணச் சூடே அதற்கு மேல். ஆக, காரத்தை அணைக்க ஜின் குடிப்பவர் உண்மையில் அடுப்பைத் தூண்டுகிறார். நம்மூர் ஜின்னின் வலு வழக்கமாக 42.8 சதவீதம். 60 மில்லிக்கு 120 மில்லி டானிக் ஊற்றினாலும் தம்ளரில் 14 சதவீதத்துக்குக் குறையாது. சோடாவின் நுரை தன் பங்குக்கும் கொஞ்சம் குத்தும். டானிக்கில் இருக்கும் சர்க்கரையும் ஐஸும் ஓரளவு தணிக்கின்றன என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன அளவுகோலின்படி அந்தப் புண்ணியம் ஜின்னுடையது ஆகாது. கேப்சைசினைக் கழுவிக்கொண்டு போவது பாலில் இருக்கும் கேசின். வெங்காயத் தயிர்ப்பச்சடியைத் தட்டோடு வைத்தவர்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வேலை தெரிந்திருந்தது.

இரண்டாவது சிக்கல் வாசனையில். ஒரே வாசனை இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்பது ஜின் வாதத்தின் உயிர்நாடி. சாதுவான பண்டத்தில் அப்படி நடக்கும். வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி உப்புத் தூவி ஜின்னோடு கடித்துப் பாருங்கள், வெள்ளரிக்கே வாசனை கூடியிருக்கும். பிரியாணியில் நடப்பது நேர்மாறு. சூடும் கொழுப்புமாய் வாயை நிறைத்திருக்கும் மசாலாவுக்கு முன்னால் ஜின்னின் மல்லியும் ஏலமும் காணாமல் போகின்றன. இரண்டு கவளத்துக்குப் பிறகு தம்ளரில் மிஞ்சுவது கசப்பும் தித்திப்பும் கலந்த தண்ணீர். அப்போதும் காணாமல் போகாத ஒன்று ஜூனிப்பரின் பிசின் வாடை. அது புதினாவோடு சேரும்போது ருசி மருந்துக்கடைப் பக்கம் சாய்கிறது. நல்ல ஜின், மட்டமான ஜின் என்ற பேதம் இதில் இல்லை. நல்ல ஜின்னில் ஜூனிப்பர் தூக்கலாக இருப்பதால் அங்கே இன்னும் மோசம்.

எதிர்த்தரப்பில் ஏற்க வேண்டிய வாதமும் ஒன்று உண்டு. டானிக்கின் குயினைன் கசப்பு கொழுப்பை அறுக்கும். அய்யலூர்ச் சந்தையில் வாங்கி வந்த வெள்ளாட்டுக் கறியைச் சுக்காவாக வறுத்து, நெஞ்செலும்பின் கொழுப்போடு தின்றுகொண்டிருக்கும்போது அந்தக் கசப்பு வாயைத் துடைத்துவிட்டுப் போவது நிஜமான சுகம். காரம் மட்டாக இருந்தால் சுக்காவுக்கு ஜின் டானிக் பரவாயில்லை என்றுதான் நானும் சொல்வேன். பரவாயில்லை என்பதற்கு மேல் போக மாட்டேன். அங்கே உழைப்பது டானிக், ஜின் கூட நிற்கிறது.

ஜின்னையும் டானிக்கையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கேட்கலாம். 1860களில் நீலகிரியில் சிங்கோனா பயிரிட்டு, நடுவட்டத்தில் குயினைன் காய்ச்சிய வெள்ளைக்காரர்களிடம் ஜின்னும் டானிக்கும் புழக்கத்துக்கு வந்தன. கொடைக்கானல் கிளப் 1887இல் தொடங்கியது. அந்தக் கிளப் உலகத்தில் ஜின்னுக்கு நேரம் பொழுது சாயும் வேளை. சாப்பாட்டு மேசைக்குப் போனதும் திராட்சை மதுவுக்கு மாறிவிடுவார்கள். ஜின்னைக் கறிச்சோற்றுக்குத் துணையாக்க வேண்டும் என்பது அவர்கள் மரபும் இல்லை. அந்த மேசைக்குத் திண்டுக்கல் அனுப்பிவைத்தது சாப்பாட்டை அன்று; சுருட்டை. ஸ்பென்சர் கம்பெனியின் தயவில் அது லண்டன் வரை போயிற்று.

இன்றைய திண்டுக்கல்லில் இந்த வரிசைமுறை தானாகவே அமைந்திருக்கிறது. பிரியாணிக் கடையில் மது கிடையாது. டாஸ்மாக் பாரில் மது உண்டு, பேர் சொல்லும் பிரியாணி கிடையாது. பிராந்தி ஆளும் ஊரில் ஜின் கேட்பவர் சிறுபான்மை. அவருக்கும் மிக்ஸிங் பெரும்பாலும் ஸ்ப்ரைட்தான். டானிக் கேட்டால் சப்ளையர் முகத்தைப் பார்ப்பார். ஆகவே ஜின்னின் நிஜமான துணை சைடு டிஷ். சாப்பாட்டுப் பொருத்தம் பேசுகிறவர்கள் பிரியாணியை விட்டுவிட்டு இந்தத் தட்டையல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்? உப்பும் மிளகுத்தூளும் தூவிய அவிச்ச முட்டை ஜின்னோடு நன்றாகப் போகிறது. மஞ்சள் கருவின் மெழுகுத்தன்மைக்கு ஜூனிப்பர் ஒரு விளிம்பு கொடுக்கிறது. மாங்காய்க் கீற்று அதைவிட மேல். தேங்காயும் மாங்காயும் போட்ட சுண்டலுக்கும் குறை சொல்ல முடியாது. சிக்கன் 65 தோல்வி: மிளகாயும் எண்ணெயும் சேர்ந்து பிரியாணிக்குச் சொன்ன இரண்டு சிக்கலையும் இரட்டிப்பாக்குகின்றன. பரோட்டா சால்னாவும் அதே கணக்கு. குடல் குழம்பு பிராந்திக்காரர்களின் சொத்து, அதை அவர்களிடமே விட்டுவிடலாம். இனிப்புப் பக்கம் போனால் பழனிப் பஞ்சாமிர்தத்தை மது மேசைக்குக் கொண்டுவர எவருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். கொடைரோடு பக்கத்துப் பன்னீர்த் திராட்சையை உறையக் குளிரவைத்து இடையிடையே போட்டுக்கொண்டால், அதன் தோலின் துவர்ப்பு ஜின்னோடு ஒத்துப்போகிறது.

பிரியாணிக்கென்றே இந்த மண்ணில் ஒரு மது இருந்திருக்க வேண்டுமென்றால் அது கள். 5 சதவீதத்தைச் சுற்றியே போதை, புளிப்பு, லேசான நுரை, கசப்பே இல்லை. கேரளத்தில் கள்ளுக்கடைச் சாப்பாடு என்று கப்பையும் மீன் குழம்புமாக ஒரு சமையல் மரபே தழைத்திருப்பது இந்தப் பொருத்தத்தால்தான். இங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. 42.8 சதவீதச் சரக்கைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சாப்பாட்டுக்குப் பொருத்தப் பார்க்கும் நிலைமை அந்தத் தடையின் பின்விளைவுகளில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

இனித் தீர்ப்பு. பிரியாணியோடு ஜின் சேராது. ஐஸ், டானிக், எலுமிச்சை எதைக் கொண்டு முட்டுக்கொடுத்தாலும் சேராது. உப்பு, புளிப்பு, பச்சை இந்த மூன்றில் ஒன்று முன்னால் நிற்கிற, காரமும் சூடும் குறைந்த பண்டத்தோடு அது சேரும். அந்த வகையில் முதல் பரிசை நான் எந்தக் கறிக்கும் கொடுக்க மாட்டேன். நெத்திலிக் கருவாட்டுக்குக் கொடுப்பேன். நெதர்லாந்தில் ஜின்னின் மூதாதையான யெனேவரை, உப்பில் பதப்படுத்திய ஹெர்ரிங் மீனோடு குடிப்பது பழைய வழக்கம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் திண்டுக்கல் சமவெளிக்கு அந்த ஹெர்ரிங்கின் இடத்தில் இருப்பது வாரச் சந்தைக் கருவாடு. உப்பு கசப்பை அடக்கும் என்பதால் டானிக்கின் முரட்டுத்தனம் தணிகிறது. கசப்பு அடங்கிய இடைவெளியில் ஜூனிப்பரும் மல்லியும் முதல்முறையாகக் காதுகொடுத்துக் கேட்கும்படி பேசுகின்றன. கருவாட்டின் வீச்சத்தை ஜூனிப்பரின் பிசின் வாடை வெட்டுகிறது. பிரியாணியில் குற்றமாக இருந்தது இங்கே குணமாகிவிடுகிறது. எலுமிச்சை சோடாவை வைத்துப் பார்த்தேன்: புளிப்பு வந்தது, வீச்சம் போகவில்லை. ஆகவே இந்தச் சேர்மானத்தின் பெருமை ஜின்னுக்கே உரியது. மிளகாய்த்தூளைக் கை நடுங்கிப் போட வேண்டும், மொறுமொறுவென்று பொரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே தொல்லை, கருவாடு பொரிக்கும் வீட்டுக்குள் ஜின்னை விடமாட்டார்கள்; ஜின் கிடைக்கும் பாரில் கருவாடு கேட்டால் சிக்கன் 65தான் வரும்.