பழைமையும் பருவச் சீட்டும்

திருக்குறளில் 79 முதல் 83 வரையுள்ள ஐந்து அதிகாரங்களும் அடுத்தடுத்து நட்பையே பேசுகின்றன. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்பது அவற்றின் வரிசை. இவற்றுள் நடுநின்ற பழைமைக்கு, நட்டாரது பழமை கருதி அவர்தம் பிழையைப் பொறுத்தல் என்று பரிமேலழகர் பொருள் காண்கிறார். வகுப்பறையிலும் இவ்வதிகாரம் பெரும்பாலும் அப்படியே சுருங்கிவிடுகிறது. பழகியவர் தவறு செய்தால் பொறுத்துக்கொள் என்ற ஒரே அறிவுரையாக மாணவர் ஏட்டில் அது பதிகிறது. இச்சுருக்கம் பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. அதன் குறை நூலைப் படிக்கும்போது தெரியாமல் போகலாம். வாழ்க்கையில் ஒருவன் அதை எடுத்து ஆள முற்படும்போது நன்கு தெரிந்துவிடும்.

அவ்வாறு ஆளவேண்டிய இடம் ஒன்று இன்று காற்பந்து அரங்கின் வாயிலில் இருக்கிறது. ஒரு பருவத்தின் உள்ளூர் ஆட்டங்கள் அனைத்துக்கும் முன்பணம் கட்டி இடம் பெறுவதற்குப் பருவச் சீட்டு என்று பெயர். மலேசியாவில் மக்கள் அதனைச் சீசன் பாஸ் என்பர். பருவம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் வேளையில் கட்டணம் உயர்ந்திருந்தால், பல ஆண்டுகள் அரங்குக்கு வந்தவன் கையில் பணத்தை வைத்துக்கொண்டு தயங்குகிறான். கட்டினால் வீட்டுச் செலவில் ஒன்று குறையும். கட்டாவிட்டால் மகனை அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்த இருக்கை வேறொருவருக்குப் போகும். இத்தயக்கம் இலண்டனிலும் லிவர்பூலிலும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவிலும் எழக்கூடியதே.

தயங்குபவன் காதில் இரண்டு குரல்கள் விழுகின்றன. உண்மையான இரசிகன் விலை பார்க்கமாட்டான் என்பது ஒரு குரல். கட்டுப்படியானால் வாங்கு, இல்லையேல் விட்டுவிடு, இது வாணிகம் என்பது மற்றொரு குரல். முன்னது பழைமையின் பெயரால் பேசுகிறது. பின்னது அங்கே நட்பென்று ஒன்று இருந்ததையே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் வள்ளுவர் முன் நிறுத்திப் பார்த்தல் தகும்.

முதற்குரலுக்குச் சான்று தேடுவோர் 804 ஆம் குறளை நாடலாம். நண்பர் நெருக்கத்தின் உரிமையால் தம்மைக் கேளாமலே ஒன்றைச் செய்துவிட்டாலும், அறிவுடையார் அதனை விரும்பி ஏற்பர் என்பது அதன் கருத்து. கழகங்களும் இரசிகரைக் கேளாமலே கட்டணத்தை உயர்த்துகின்றன. ஆகவே விரும்பி ஏற்பதுதானே முறை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அடுத்த குறளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். நண்பர் மனம் நோகத்தக்கதைச் செய்தால், அது அறியாமையால் வந்தது அல்லது மிகுந்த உரிமையால் வந்தது என்று கொள்க என்று 805 ஆம் குறள் கூறுகிறது. பொறுத்தற்கு உரிய காரணங்கள் இங்கே இரண்டே. அறியாமை ஒன்று, அன்பின் உரிமை மற்றொன்று. கணக்கிட்டுச் செய்தல் என்னும் மூன்றாவது காரணம் இக்குறளில் இடம்பெறவில்லை. அதற்கு வள்ளுவர் வேறோர் இடம் ஒதுக்கியிருக்கிறார். அடுத்த அதிகாரமாகிய தீ நட்பில், 813 ஆம் குறளில், தமக்கு வரும் பயனை நிறுத்துப் பார்க்கும் நண்பரும், பொருளுக்கு அன்பு காட்டும் பொதுமகளிரும், கள்வரும் தம்முள் ஒப்பர் என்று அவர் கடிந்துரைக்கிறார். பழைமையைப் படித்துவிட்டுத் தீ நட்பைப் படியாமல் புத்தகத்தை மூடுவோர், வள்ளுவர் சொன்னதில் பாதியையே கேட்டவர் ஆவர்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடு அன்று என்பதற்கு 2016 ஆம் ஆண்டில் லிவர்பூலில் நடந்தது சான்று. அக்கழகத்துக்குக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நள்ளிரவு கடந்தும் திரைமுன் விழித்திருக்கும் அன்பர்கள் உளர். புதிதாகக் கட்டப்பட்டுவந்த மேடைப்பகுதியில் ஓர் ஆட்டத்துக்கான மிக உயர்ந்த சீட்டு 77 பவுன் என்றும், மிக உயர்ந்த பருவச் சீட்டு ஆயிரம் பவுனுக்கு மேல் என்றும் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 6 ஆம் நாள் சண்டர்லாண்டுடன் நடந்த ஆட்டத்தில், 77 ஆம் நிமிடத்தில், ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும்போது இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையாயிற்று. நான்கு நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். மிக உயர்ந்த சீட்டின் விலையைப் பழைய 59 பவுனிலேயே இரண்டு பருவங்களுக்கு நிறுத்தினர். வெளியேறியவர்கள் மீண்டும் அரங்குக்கு வந்தனர். அவர்கள் பொறுத்தது 805 ஆம் குறளின் முதற்காரணத்தை ஏற்று, அறியாமையென மன்னித்தது போன்றது. ஆயினும் அவர்கள் முதலில் வாய்மூடிப் பொறுக்கவில்லை என்பதை மறக்கலாகாது.

மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் 2024 ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது வேறுவகை. பருவத்தின் நடுவிலேயே, உறுப்பினர்க்கென எஞ்சிய சீட்டுகளுக்கு 66 பவுன் என்று ஒரே விலை வைக்கப்பட்டது. சிறுவர்க்கும் முதியோர்க்கும் சலுகை இல்லை. இரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதை அறியாமை என்பதா, அன்பின் உரிமை என்பதா? குழந்தைக்கும் முதியவர்க்கும் இருந்த சலுகையை எடுப்பதற்கு இவ்விரண்டில் எதனையும் காரணமாகக் காட்டுவது எளிதன்று.

இங்கே ஒரு தடை எழும். நிறுத்துப் பார்ப்பது தீது என்றால், புதுப்பிக்கலாமா என்று கணக்குப் பார்க்கும் இரசிகனும் அக்குறளின் கீழ் வருவான் அல்லனோ? இத்தடை வலியுடையது, தள்ளத்தக்கதன்று. ஆயினும் இயலாமையும் பயன்தூக்கலும் ஒன்றல்ல. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் போக எஞ்சியது போதாமையால் தயங்குபவன், நட்பினால் தனக்கு என்ன கிடைக்கும் என்று எடைபோடவில்லை. கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறான். அணி வென்றால் வருவேன், தோற்றால் வாரேன் என்பவனே குறள் கடியும் நண்பன். வென்ற ஆண்டில் சீட்டுக்கு அலைந்து, தோற்ற ஆண்டில் விலையைச் சாக்காகக் காட்டி விலகுபவனுக்குக் கழகத்தைக் குறைகூறும் தகுதி குறைவே.

கொடுப்பதும் பெறுவதும் வாணிகம் ஆகாமல் நடக்கமுடியுமா என்ற ஐயத்துக்குச் சங்க இலக்கியத்திலேயே விடை உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்தார். முகம் காணாது பெறும் பொருளைக் கொள்ளத் தாம் வாணிகர் போன்ற பரிசிலர் அல்லர் என்பது அவர் கருத்து. புறநானூற்றின் 208 ஆம் பாட்டு அது. பொருள் சிறிதா பெரிதா என்பது அங்கே வழக்கன்று. கொடுப்பவன் பெறுபவனை மதித்தானா என்பதே வழக்கு. பருவச் சீட்டின் விலையேற்றத்திலும் தொகையைவிட ஆழமாகப் புண்படுத்துவது இதுவே. முப்பது ஆண்டு வந்தவனுக்கும் நேற்று வந்தவனுக்கும் ஒரே அச்சிட்ட அறிவிப்பு வருகிறது. அவனை யாரும் முகம் பார்க்கவில்லை.

இரண்டாம் குரலாகிய வாணிகக் குரலிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆட்டக்காரர்க்கு ஊதியம் வேண்டும். புல்தரைக்கும் விளக்குக்கும் செலவுண்டு. தேவையால் உயரும் விலை வேறு; ஆசையால் உயரும் விலை வேறு. இவ்விரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. தேவையுடையவன் தன் கணக்கைக் காட்டத் தயங்கமாட்டான். எளியவனுக்கு ஒரு மூலையாவது ஒதுக்குவான். 1989 ஆம் ஆண்டு ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலால் 97 உயிர்கள் போயின. அதன்பின் 1990 இல் வெளிவந்த நீதிபதி டெய்லரின் அறிக்கை, அரங்குகளில் எல்லோர்க்கும் இருக்கை வேண்டும் என்று பரிந்துரைத்தது; அதே வேளையில், நின்று பார்த்தவர்களின் கைக்கு எட்டும் விலையிலேயே மலிவான இருக்கைகள் அமையலாம் என்றும் கருத்துரைத்தது. இங்கிலாந்தில் முதற்பகுதி நிறைவேறிய அளவுக்குப் பிற்பகுதி நிறைவேறவில்லை. வேறொரு வழியும் இயலும் என்று காட்டியோர் உளர். 2005 இல் மான்செஸ்டர் யுனைடெட் புதிய உரிமையாளர் கைக்குப் போனபோது மனம் முறிந்த இரசிகர்கள், யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற பெயரில் தமக்கென ஒரு சிறிய கழகத்தைத் தொடங்கினர். பின்னர் அக்கழகம் ஒரு குறைந்த அளவை மட்டும் வரையறுத்து, அதற்குமேல் அவரவர் இயன்றதைக் கொடுத்துப் பருவச் சீட்டைப் பெறலாம் என்று அறிவித்தது. விலையை நண்பனிடமே விட்டுவிடுதல் பழைமைக்கு ஏற்ற செயல்.

இன்னொரு கேள்வியும் எண்ணத்தக்கது. இரசிகனின் பழைமை யாருடன்? உரிமையாளர் மாறுகிறார், பயிற்றுநர் மாறுகிறார், ஆட்டக்காரரும் நிலையாக இருப்பதில்லை. அரங்கும் நிலையன்று. 1994 இல் திறந்து, எண்பதாயிரம் பேரைக் கொண்ட ஷா ஆலம் அரங்கம் பின்னர் மூடப்பட்டு, 2024 இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற சிலாங்கூர், பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தின் அரங்குக்கு வந்து ஆடலாயிற்று. இத்தனையும் மாறிய பின்னும் மாறாதிருப்பவர் பக்கத்து இருக்கைக்காரரே. அவர் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் வாராத நாளில் வரிசையில் ஒரு வெறுமை தெரியும். விலையேற்றம் முதலில் கலைப்பது அவ்வரிசையைத்தான். ஒரு வரிசையில் ஐவர் இருந்தால் இருவர் புதுப்பிப்பர், மூவர் நின்றுவிடுவர். விலைப்பட்டியல் எழுதுவோர் கணக்கில் அம்மூவர் இடத்துக்கும் வேறு மூவர் வந்துவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. பழைமையின் கணக்கில் அது நிரப்ப முடியாத இழப்பு.

எனவே தயங்குபவன் செய்யவேண்டுவது யாது? இவ்விடத்தில் வள்ளுவர் இரண்டு வழிகளை இரண்டு அதிகாரங்களில் வைத்திருக்கிறார். நட்பு என்னும் அதிகாரத்தில், 784 ஆம் குறள், நட்புச் செய்வது கூடிச் சிரிப்பதற்கு அன்று, நண்பன் எல்லை கடக்கும்போது முற்பட்டுச் சென்று இடித்துரைப்பதற்கு என்கிறது. தீ நட்பு என்னும் அதிகாரத்தில், 818 ஆம் குறள், முடியக்கூடிய செயலையும் முடியாதாக்கி நிற்பவரது உறவை, அவரிடம் சொல்லாமலே தளரவிடுக என்கிறது. முன்னது பேச்சு, பின்னது மௌனம். பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970 இல் எழுதிய நூல் ஒன்றும் விலகுதல், குரல் எழுப்புதல், பற்று என்ற மூன்றையும் ஆராய்கிறது. தரத்தில் மிகுந்த அக்கறை உடையோரே முதலில் விலகிவிட்டால், குரல் எழுப்ப ஆளின்றி நிறுவனம் மேலும் சீர்கெடும் என்றும், பற்று உடையோர் விலகுமுன் குரல் எழுப்புவர் என்றும் அவர் காட்டினார். வள்ளுவரின் வரிசையும் அதுவே. இடித்துரைத்தல் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தளரவிடுதல் நான்காம் அதிகாரத்தில்தான் வருகிறது. நடுவில் பழைமை நிற்கிறது. இடித்துரைக்காமல் மௌனமாக விலகுபவன் மூன்று அதிகாரங்களைத் தாண்டிக் குதித்தவன். இடித்துரைத்தும் கேளாதவரிடம் ஆண்டுதோறும் பணம் கட்டுபவனோ நான்காம் அதிகாரத்தைப் படிக்க மறுத்தவன். லிவர்பூலில் நான்கே நாட்களில் விலை இறங்கியது. அது முடியக்கூடிய செயல்தான் என்பதை இடித்துரைத்தலே வெளிக்கொணர்ந்தது.

பெட்டாலிங் ஜெயாவில் இருப்போர் இதை ஏனையோரினும் கூர்மையாக உணரக் காரணம் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாக இருந்து, 2019 பருவத்தில் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்கில் ஆடப் புகுந்த கழகம் ஒன்று இருந்தது. கிளானா ஜெயாவிலுள்ள அதே மாநகர் மன்ற அரங்கமே அதற்கும் இல்லமாயிற்று. நாட்டின் உயர்மட்டப் போட்டியில் தம் சமூகத்தில் வேர்கொண்ட அணி ஒன்று ஆடுவதை அங்கே கண்ணாரக் கண்டவர் பலர். 2022 பருவத்தோடு அக்கழகம் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதன் அன்பனுக்குப் புதுப்பிப்பதா வேண்டாவா என்ற கேள்வியே இல்லாமற் போயிற்று. விலை உயர்ந்தது என்று சினந்துகொள்ளவும் ஒரு கழகம் உயிரோடு இருத்தல் வேண்டும். ஆதலின் கழகத்தை நடத்துவோரை இடித்துரைக்கும்போது, அதை நடத்துவதன் சுமையையும் மறவாதிருத்தல் இரசிகர்க்கு அழகு. இரசிகர் இல்லாத அரங்கில் எந்தச் சுமையும் இரட்டிப்பாகும் என்பதைக் கழகம் மறவாதிருத்தல் அதனினும் அழகு.

பழைமை என்ற அதிகாரத்தை இனி வகுப்பில் நடத்தும் ஆசிரியர், அதன் முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களையும் திறந்துவைத்து நடத்துவாராயின், மாணவர் பொறுமையை மட்டும் கற்று நின்றுவிடமாட்டார். எதைப் பொறுப்பது, எப்போது பேசுவது, எவ்விடத்தில் விடுவது என்ற மூன்றையும் சேர்த்தே கற்பார். அம்மாணவருள் ஒருவன் பின்னாளில் புதுப்பிப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கின் வாயிலில் நிற்கும்போது, தான் எந்த அதிகாரத்தில் நிற்கிறான் என்பதையாவது அறிந்திருப்பான்.