ஹீலா மரபணுத்தொகுதி: திறந்த தரவும் கேட்கப்படாத குடும்பமும்

ஆய்வுத் தரவை எல்லோருக்கும் திறந்துவிடுவதே பொறுப்பான பகிர்வு என்ற கருத்து பரவலாக உள்ளது. ஹீலா உயிரணுக்களின் வரலாறு அக்கருத்தின் குறையைக் காட்டுகிறது.

1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவருக்குத் தெரியாமலே உயிரணுக்கள் எடுக்கப்பட்டன. அவ்வாண்டே அவர் இறந்தார். ஆய்வகத்தில் இடைவிடாது பெருகிய ஹீலா உயிரணுக்களோ இளம்பிள்ளைவாதத் தடுப்பூசிச் சோதனை உட்பட எண்ணற்ற ஆய்வுகளுக்கு உதவின.

2013 மார்ச்சில் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகர ஆய்வாளர்கள் ஹீலாவின் மரபணுத்தொகுதியைப் பொதுத் தரவுத்தளத்தில் வெளியிட்டனர். யாரிடமும் ஒப்புதல் பெறச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மரபணு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் நோய் வாய்ப்புகளும் அதிலிருந்து வெளிப்படலாம். குடும்பத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தபின் தரவு விலக்கப்பட்டது.

ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் குடும்பத்துடன் உடன்பாடு கண்டன. இனி விண்ணப்பித்தே தரவைப் பெற வேண்டும்; விண்ணப்பங்களை ஆராயும் 6 பேர் குழுவில் குடும்பத்தினர் இருவர் இடம்பெறுவர்.

இது நல்ல முன்மாதிரி, ஆயினும் போதாது. முதலாவதாக, அந்நிறுவனங்களின் நிதி பெறுவோரையே இது கட்டுப்படுத்தும். உயிரணுக்கள் உலகெங்கும் கிடைப்பதால், பிறர் தாமே வரிசைப்படுத்தி வெளியிடலாம். இரண்டாவதாக, ரெபெக்கா ஸ்க்லூட் 2010இல் எழுதிய நூலால் லாக்ஸ் குடும்பம் உலகறிந்ததாயிற்று. பெயரறியப்படாத மற்ற கொடையாளர்களின் குடும்பங்களுக்கு இத்தகைய இருக்கை இல்லை.

அதற்காகத் தரவைப் பூட்டிவைப்பதும் தீர்வன்று. பூட்டிய தரவைக் கொண்டு முடிவுகளைச் சரிபார்க்க இயலாது. வசதி குறைந்த ஆய்வகங்களே முதலில் பாதிக்கப்படும்.

2016இல் வெளியான ஃபேர் நெறிகள் தரவு எளிதில் கண்டறியவும், அணுகவும், பிற தரவுகளோடு இணைக்கவும், மறுபடி பயன்படுத்தவும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கின்றன. தரவு யாருடையது என்பதைப் பற்றி அவை பேசுவதில்லை. 2019இல் பழங்குடி மக்களின் தரவுக்காக வகுக்கப்பட்ட கேர் நெறிகள், கூட்டு நலன், கட்டுப்படுத்தும் உரிமை, பொறுப்பு, அறம் ஆகியவற்றை முன்வைத்து அந்த இடைவெளியை நிரப்ப முயல்கின்றன.

ஹீலா நிகழ்வில் குடும்பத்தின் குரல் வெளியீட்டுக்குப் பிறகே கேட்கப்பட்டது. படியெடுக்கப்பட்ட தரவைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே யாரைக் கேட்க வேண்டும் என்ற கேள்வி, பதிவேற்றத்துக்கு முன்பே எழுப்பப்பட வேண்டியதாகும்.