கத்தி பிடித்த கை

சரித்திர நாவல்களில் வாட்போர் வந்தால் இரண்டு பக்கங்களைத் தள்ளிவிட்டு மேலே படிக்கிற வாசகர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எழுதுகிறவனுக்கே அந்த இடத்தில் பேனா சுணங்கும். யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். நடுவில் வாள்கள் மோதிப் பொறி பறப்பது ஒரு சம்பிரதாயம். வீடியோ விளையாட்டில் இப்படித் தள்ளிப் போகிற வசதி கிடையாது. அங்கே பெரும்பாலும் சண்டை என்பது கதைக்கு நடுவே வருகிற காட்சி அல்ல, அதுதான் நடை. நாவலாசிரியனுக்கு வாக்கியம் எப்படியோ, அப்படி.

இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் என்னோடு மல்லுக்கு வருகிறார்கள். ‘கதை நன்றாகத்தான் இருக்கிறது, இடையில் இந்த அடிதடிதான் தொல்லை’ என்பவர்கள் ஒரு கட்சி. ‘கதை கிடக்கட்டும், அடி விழும்போது கைக்குச் சுகமாக இருக்கிறதா, அதைச் சொல்லும்’ என்பவர்கள் மறு கட்சி. இருவருமே சோற்றை ஒரு தட்டிலும் குழம்பை இன்னொரு தட்டிலும் வைத்துச் சாப்பிடப் பார்க்கிறார்கள்.

‘டார்க் ஸோல்ஸ்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஹிடெடாகா மியாஸாகியின் இயக்கத்தில் ஜப்பானிய நிறுவனமான ஃப்ரம் ஸாஃப்ட்வேர் 2011-ல் வெளியிட்டது. ‘ரொம்பக் கடினம்’ என்ற ஒரே புகழை வைத்துக்கொண்டுதான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். கடினம் என்பது ஒரு குணமே அல்ல. மோசமாக எழுதிய நாவலும் படிக்கக் கடினமாகத்தான் இருக்கும். கடினம் எதற்காக என்பதல்லவா கேள்வி?

திரையின் மூலையில் உயிரைக் காட்ட ஒரு சிவப்புக் கோடு; அதன் கீழே மூச்சைக் காட்ட ஒரு பச்சைக் கோடு. வாளை வீசினால் பச்சைக் கோடு குறையும். உருண்டு விலகினால் குறையும். ஓடினால் குறையும். கேடயத்தில் அடி வாங்கினாலும் குறையும். அது மட்டுமல்ல, கேடயத்தை உயர்த்திப் பிடித்தபடியே நின்றால் போன மூச்சு மெள்ளத்தான் திரும்பும். ஆகவே பயந்தவன் கேடயத்துக்குப் பின்னால் பதுங்கியே காலம் தள்ள முடியாது. எப்போதாவது அதைத் தாழ்த்தி, மார்பைக் காட்டிக்கொண்டு நின்று மூச்சு வாங்கத்தான் வேண்டும். பயத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் சொல்லிவிட்டார்கள். என்னைப் போன்றவன் இதற்கு ஒரு அத்தியாயம் எழுதியிருப்பேன்.

வீச ஆரம்பித்த வாளைத் திரும்ப வாங்க முடியாது என்பது இன்னொன்று. பெரிய வாளாக இருந்தால் அது மேலே போய், வளைந்து, தரையில் இறங்கி முடிகிற வரையில் நீங்கள் உங்கள் வசத்தில் இல்லை. வாயிலிருந்து போய்விட்ட சொல் மாதிரி. காயத்துக்கு மருந்து குடிக்க வேண்டுமானாலும் அந்தச் சில கணங்கள் எதிரியின் தயவில் நிற்க வேண்டும். இடையில் நிறுத்தி வைப்பதற்கும் வழி இல்லை. (சமையலறையிலிருந்து குரல் வந்தால் எங்கள் வீட்டில் தகராறுதான்.) களைத்துப்போய் நெருப்பருகே உட்கார்ந்தால் உயிரும் மருந்தும் நிரம்பும், ஆனால், வந்த வழியில் வெட்டி வீழ்த்தியவர்களில் பெரும்பாலோர் மறுபடி எழுந்து நிற்பார்கள். செத்தால், அதுவரை சேர்த்த ‘ஆன்மாக்கள்’ விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவைதாம் அங்கே காசு, அவைதாம் வளர்ச்சி. போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் அவ்வளவும் போச்சு.

இதோடு கதையைச் சேர்த்துப் பாருங்கள். நெருப்பு அணைந்துகொண்டிருக்கும் ஓர் உலகம். சாக முடியாத சாபம் பெற்ற மனிதர்கள். நம்பிக்கை தீர்ந்தவன் புத்தி அழிந்து வெறும் கூடாகிப் போகிறான். பத்தாவது தடவை ஒரே இடத்தில் விழுந்து, ‘போதுமடா’ என்று கைக்கருவியைக் கீழே வைக்கிறவன் யார்? அந்தக் கூடுகளில் ஒருவன்தான். கதையில் சொன்னதைக் கை அனுபவித்துவிட்டது.

அதில் ஸிஃப் என்று ஒரு பெரிய ஓநாய் வருகிறது. இறந்துபோன ஒரு வீரனின் கல்லறையைக் காத்துக்கொண்டு, வாயில் பெரிய வாளைக் கவ்வியபடி போரிடும். உயிர் குறைந்து கடைசிக் கட்டம் வரும்போது அது நொண்ட ஆரம்பிக்கிறது. வாளை வீசிய வேகத்தைத் தாங்காமல் தானே தள்ளாடுகிறது. அதுவரை விளையாட்டு நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? எதிரி தடுமாறும்போது அடி. அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கற்றவன் இப்போது செய்வது கொலை. விதியை மாற்றாமல் விதியின் முகத்தை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். இந்த இடத்துக்கு முன் நான் தொப்பியைக் கழற்றுவேன், இருந்தால்.

இதே நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ‘ஸெகிரோ’வில் பச்சைக் கோடே இல்லை. எதிரியின் நிலையைக் குலைப்பதுதான் வேலை; விலகி ஓடினால் அவன் நிலையைச் சரிசெய்துகொண்டுவிடுவான். முட்டி நின்று வாளுக்கு வாள் கொடுக்க வேண்டும். முன்னதில் நிதானம் பழகியவன் இதில் முரடனாக வேண்டியிருக்கிறது. ஒரு கோட்டை அழித்தார்கள், ஆளே மாறிப்போனான்.

கதையும் சண்டையும் ஒட்டாமல் நிற்கிற இடங்களும் பல, அதுவும் புகழ்பெற்றவற்றிலேயே. 1997-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி ஏழு’ விளையாட்டில் ஏரித் என்ற பெண் வாளுக்கு இரையாகும் காட்சியில் என் மனமும் கலங்கியது உண்மை. ஆனால் அதற்கு முந்தின சண்டையில்தான் வீழ்ந்தவர்களை ஃபீனிக்ஸ் இறகு ஒன்றைப் போட்டு எழுப்பியிருக்கிறோம். பையில் இன்னும் இறகுகள் இருக்கின்றன! சண்டையில் ஒரு சாவு, கதையில் வேறொரு சாவு. கண்ணீர் வரவழைத்த ஆசிரியர் இதற்குப் பதில் சொல்லவே இல்லை.

‘அன்சார்ட்டெட்’ வரிசையின் நாயகன் நேதன் டிரேக் பேச்சில் சிரிப்புக் காட்டுகிற நல்ல பையன்; நம் கையில் வந்தாலோ ஆட்களைச் சுட்டுக் குவிக்கிறான். கதைக்கும் விளையாட்டுக்கும் உள்ள இந்த மாதிரிப் பிணக்குக்கு கிளின்ட் ஹாக்கிங் என்ற வடிவமைப்பாளர், 2007-ல் ‘பயோஷாக்’ விளையாட்டை விமர்சிக்கையில், ஒரு பெயர் சூட்டினார். 2016-ல் வந்த ‘அன்சார்ட்டெட்’ நாலாம் பாகத்தில் 1,000 பேரை வீழ்த்தியவருக்கு ஒரு விருது உண்டு. அதற்கு வைத்த பெயரே அந்தக் குற்றச்சாட்டின் பெயர். சாமர்த்தியந்தான், குழம்பில் உப்பு அதிகம் என்றால் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றுகிற சாமர்த்தியம்.

ஃபுமிடோ உயேடாவின் ‘ஷாடோ ஆஃப் தி கொலாஸஸ்’ (2005) இதற்கு நேர்மாறு. மொத்தம் 16 பூதங்கள். வேறு பகைவர் யாரும் இல்லை. இறந்த ஒரு பெண்ணை எழுப்புவதற்காக ஒருவன் அவற்றைத் தேடித் தேடிக் கொல்கிறான். பூதத்தின் மேனி மயிரைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். பற்றியிருக்கிற நேரமெல்லாம் பொத்தானை அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். அது உலுக்கும்போது நம் விரலும் வலிக்கும், பிடியும் தளரும். விரலை எடுத்தால் விழுவான். இப்படி உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுக் குத்தும்போது, அந்தப் பூதம் சாய்கையில் வெற்றி முழக்கம் ஒலிப்பதில்லை. சோகமான இசைதான் வருகிறது. அந்த இசை இல்லாவிட்டாலும் விரலுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் 2015-ல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ விளையாட்டில் யாரையும் கொல்லாமலே முடிவுக்குப் போகலாம். நாம் சேர்க்கும் புள்ளிகள் அனுபவத்தைக் குறிப்பன அல்ல, கொலையைக் குறிப்பன என்று கடைசியில் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பிரசங்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆரம்பத்திலேயே அதைவிட நன்றாகச் சொல்லியாகிவிட்டது. டொரியல் என்ற தாய் போன்ற ஒருத்தி, நம்மை வெளியே விட மனமில்லாமல், வாசலை மறித்துக்கொண்டு நெருப்பை வீசுகிறாள். நாம் அடிபட்டு, உயிர் ஒரு நூலில் நிற்கும்போது கவனித்தால், வீசுகிற நெருப்பெல்லாம் நம்மைத் தொடாமல் விலகிப் போகிறது. அவள் வாய் திறக்கவில்லை. நெருப்பு மட்டும் இரு பக்கமும் ஒதுங்கி ஒதுங்கி விழுந்துகொண்டிருக்கிறது.