வெள்ளைக் குஞ்சம் வைத்த கரும்பூச்சி

இறகும் நூலும் கம்பளியும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைக் கொண்டு டிரவுட் மீனைப் பிடிக்கும் கலையில், கோல் வீச்சின் நளினத்தையே முதல் தகுதியாகக் கொள்வோர் பலர். ஆற்றுக்கு அது ஒருவாறு பொருந்தும். அங்கே மீன் ஓரிடத்தில் நிற்க, நீரோட்டம் இரையை அதன் வாய்க்குக் கொண்டுசேர்க்கிறது. ஏரியிலோ இரை நின்றவிடத்தில் நிற்க மீன் உலவுகிறது. எனவே எங்கே, எந்த ஆழத்தில், எதைத் தேடி உலவுகிறது என்பதைக் கரைச்செடியையும் நீர்ப்பூண்டையும் பார்த்து அறியும் கண் இங்கே கைக்கு மூத்தது.

அக்கண்ணுக்கு உரியவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ரிங்டன் என்ற ஊரில் மருத்துவம் பார்த்த ஹோவர்ட் பெல்லைத்தான் சொல்லவேண்டும். அவருடைய களம் மெண்டிப் குன்றுகளின் வடக்கு அடிவாரத்தில், யோ என்னும் சிற்றாற்றை மறித்து பிரிஸ்டல் நகரின் குடிநீருக்காக உருவாக்கப்பட்ட பிளாக்டன் நீர்த்தேக்கம். 1904-இல் அங்கு தூண்டில் அனுமதிக்கப்பட்டது. புதிதாக மூழ்கிய மேய்ச்சல் நிலத்தின் இரைவளத்தால் மீன்கள் வியக்கத்தக்க அளவில் பருத்தன. தொடக்ககாலத்தவர் அவற்றுக்குச் சால்மன் மீனுக்குரிய பெரிய, பகட்டான பொய்ப்பூச்சிகளையே வீசினர். முதல் உலகப் போருக்குப் பின் அக்கரைக்கு வந்த பெல், பிடித்த மீனின் இரைப்பையைத் திறந்து, உள்ளே இருந்தவற்றைப் பார்த்து, அவற்றைப் போன்றே கட்டினார். ஆற்று மீனில் இவ்வாய்வை ஜி. இ. எம். ஸ்கியூஸ் முன்பே செய்திருந்தார் என்பது உண்மையே. ஆயினும் தேங்கிய நீருக்கு அதை ஓர் ஒழுக்கமாக்கியவர் பெல்தான்.

இத்தகைய நீர்த்தேக்கங்களைப் படிக்கக் கற்றுத்தரும் செடிகளில், தமிழகத்து ஆற்றங்கரைகளில் காணும் ஆற்றலரிக்கு உறவான பெர்சிகேரியா ஆம்பிபியாவுக்கு நிகர் வேறில்லை. நீரில் நிற்கும்போது வழவழப்பான நீள்வட்ட இலைகளை மேற்பரப்பில் பரப்பி, கோடையில் இளஞ்சிவப்புப் பூங்கதிர்களை நிமிர்த்தும் இச்செடி, நீர்மட்டம் தாழ்ந்து சேற்றில் தனித்து விடப்பட்டால், மெல்லிய மயிர் படர்ந்த ஒடுங்கிய இலைகளோடு நிலச்செடியாக உருமாறி நிற்கிறது. ஆகவே கோடை இறுதியில் வெறுங்கரையில் இது நிற்குமிடத்தைக் குறித்துக்கொள்பவர், அடுத்த வசந்தத்தில் நீர் நிறைந்தபின் இரைவளம் மிக்க ஆழமற்ற திட்டு எங்கே மறைந்திருக்கிறது என்பதை அறிந்தவராகிறார். தண்டுகளில் நத்தைகள் ஊர்கின்றன. நத்தையை வயிறார உண்ட டிரவுட்டின் வயிற்றைத் தடவினால் விரலுக்குச் சரளை போல நெருடும். பழுப்பு டிரவுட் இத்தகைய பூண்டு விளிம்புகளை ஒட்டியே பெரும்பாலும் வட்டமிட, வட அமெரிக்காவிலிருந்து வந்த வானவில் டிரவுட் கூட்டமாகத் திறந்த நீரில் காற்றை எதிர்த்து நகரும் இயல்புடையது.

பெல்லின் பொய்ப்பூச்சிகளுள் ‘பிளாக்டன் பஸ்ஸர்’ மட்டும் தனியே நின்று பேசத்தக்கது. அதற்கு மூலமான, கொசுவை ஒத்ததும் கடிக்காததுமான கைரோனமிட் பூச்சி, புழுவாகச் சேற்றில் வாழ்ந்து, கூட்டுப்புழுவாகி மேலெழுந்து, நீரின் மேற்படலத்துக்கு அடியில் சிறிது நேரம் தொங்கியபின் சிறகு பெறுகிறது; அத்தொங்கும் நேரமே மீனுக்கு விருந்து. பெல் கறுப்புக் கம்பளியால் ஒடுங்கும் உடலைச் சுற்றி, தட்டையான பொன்னிழையால் வளையமிட்டு, கூட்டுப்புழுவின் மூச்சிழைகளுக்காகத் தலையில் வெள்ளைப் பட்டுநூல் குஞ்சம் ஒன்றை வைத்தார், அவ்வளவே. கண்ணைக் கவரும் எதுவும் அதில் இல்லை. தேவையற்றதை ஒதுக்கிய கை தேவையான ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருக்கும் நேர்த்தி, அருகில் வைத்துப் பார்ப்பவருக்கே புலப்படும். அவருடைய ‘கிரெனடியர்’ பூச்சியின் பளிச்சிடும் செம்மஞ்சள் உடல் எந்தப் பூச்சியை ஒத்தது என்று எதிர்த்தரப்பினர் கேட்பது நியாயமான கேள்விதான். பெல்லின் அன்பர்கள் அதற்குத் தெளிவான விடை தந்ததில்லை.

மிதக்கும் பூச்சியையன்றி வேறெதையும் கலையாக ஏற்காத, ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டின் வழிவந்தவர்கள், நீருக்கடியில் மெல்ல இழுக்கப்படும் இக்கரும்பூச்சியைத் தாழ்ந்ததாகக் கருதக்கூடும். ஆயினும் கண்ணால் காணாத உணவை ஊகித்து அதற்குரிய ஆழத்தில் நிறுத்துவது, மேலே மிதப்பதைக் கண்டு வீசுவதைவிட எளிதென்று ஒப்புக்கொள்வது கடினம். மறுபுறம், 1952-இல் நீர்த்தேக்க மீன்பிடிப்பு பற்றி நூல் எழுதிப் பெரும் செல்வாக்குப் பெற்ற டாம் ஐவன்ஸ், பால்புட்டி மூடியின் பொன்தகட்டைச் சுற்றிக் கட்டிய ‘ஜெர்சி ஹெர்ட்’ என்ற பூச்சியையும் புகழடையச் செய்தார். அதன் வேடிக்கையை ரசிக்கலாம். மீனின் வயிற்றைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

பின்வந்த தலைமுறை பகட்டின் பக்கமே அதிகம் சாய்ந்தது. பண்ணையில் உருண்டைத் தீனி உண்டு வளர்ந்து அண்மையில் ஏரிக்குள் விடப்பட்ட மீன், ஒளிரும் நாரால் திரட்டிய வண்ண உருண்டையையும் கவ்வும் என்பதால், பூவையோ நத்தையையோ பார்க்கவேண்டிய தேவையே பலருக்கு எழுவதில்லை. பிடித்த மீனை உயிரோடு விடும் பழக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால் அதனால் இரைப்பை ஆய்வு அருகிப்போனதும் மறுக்கமுடியாதது. இன்று பஸ்ஸர் என்ற பெயரில் விற்பவற்றுள் பல, பிசின் பூச்சில் கண்ணாடிபோல் மின்னி விரைந்து மூழ்குபவை. ஆழத்தில் அவை நன்றாகவே பயன்படுகின்றன. மேற்படலத்தை ஒட்டித் தொங்கவேண்டிய மாலைநேரத்தில் பெல்லின் கம்பளி செய்யும் வேலையை அவை செய்வதில்லை.