கருணையா, கணக்கா?

இரக்கத்தைக் காட்டிக் கண்ணீர் வாங்குவது திரைக்கலைக்குப் புதிதன்று. ஏழை வருவான்; சீமாட்டி காண்பாள்; வண்டியை நிறுத்துவாள்; கை கொடுப்பாள்; அவன் உயர்வான்; நாம் அழுவோம். 2009 இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி பிளைண்ட் சைடு’ எனும் படம் இந்த இலக்கணத்தினின்று இம்மியும் பிசகாதது. இயக்கியவர் ஜான் லீ ஹான்காக். சீமாட்டியாக நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு 2010 இல் ஆஸ்கார் விருது கிடைத்தது. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் வீடின்றி அலைந்த மைக்கேல் ஓஹர் எனும் கறுப்பின இளைஞன், தனியார் கிறித்தவப் பள்ளியில் இடம் பெற்று, வெள்ளையர் குடும்பமொன்றின் அரவணைப்பில் வளர்ந்து, அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பெரும்புகழ் எய்திய கதை. மைக்கேல் லூயிஸ் 2006 இல் எழுதிய நூலைத் தழுவியது.

படத்தின் உயிர்க்காட்சி சீமாட்டி வருமுன்பே வந்துவிடுகிறது. பள்ளியின் பயிற்சியாளர், மலைபோன்ற உருவமுடைய அந்த இளைஞன் பந்துடன் பாய்ந்து திரிவதைக் கண்டு வியக்கிறார். பிறகு ஆசிரியர் குழுவின் முன் நின்று, சுவரில் பொறித்திருக்கும் ‘கிறித்தவ’ என்னும் சொல்லைச் சுட்டிக்காட்டி, அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று உருக்கமாக வாதாடுகிறார். கை மதத்தைக் காட்டுகிறது. கண்ணோ அவன் தோளை அளக்கிறது! இதை ஒரு சிறு நகைச்சுவையாக்கிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. நாம் அப்படி நகர்வதற்கில்லை. அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றில் ஆண்டுக்கணக்கில் வழக்காடப்பட்டுவரும் சிக்கல் ஒன்று அக்காட்சிக்குள் ஒளிந்திருக்கிறது: உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் தனியார் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோதலாமா, தனித்தனியே ஆடவேண்டுமா?

அரசுப் பள்ளிக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருப்பவன் வலியவனாயினும் மெலியவனாயினும், அவனைச் சேர்த்தாக வேண்டும். ‘நீ வேண்டாம், அடுத்த ஊர்க்காரன் வரட்டும்’ என்று சொல்ல அதற்கு வாயில்லை. தனியார் பள்ளிக்கு எல்லையுமில்லை, கட்டாயமுமில்லை. வேண்டியவனை அழைக்கலாம், வேண்டாதவனுக்குக் கதவை அடைக்கலாம். பணமில்லாத திறமைசாலிக்கென்றே ‘கட்டண உதவி’ எனும் திறவுகோலையும் அது வைத்திருக்கிறது. ஒருவன் பொறுக்கி எடுக்கிறான், மற்றவன் வந்ததை ஏற்கிறான். இவ்விருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஊதல் ஊதிவிட்டு, ‘வென்றவனே வல்லவன்’ என்பது எந்த ஊர் நீதி?

‘பிரித்து வை’ என்றதும் நம் தோழர்களுக்கு ஐயம் எழும். எழவேண்டும். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், கறுப்புக் குழந்தை பக்கத்தில் அமரக்கூடாது என்பதற்காகவே தென் மாநிலங்களில் தனியார் பள்ளிகள் காளான்களாய் முளைத்தன. மிசிசிப்பியில் 1968 இல் அத்தகைய பள்ளிகள் தமக்கெனச் சங்கம் கண்டு, தமக்குள்ளேயே போட்டி நடத்திக்கொண்டன. விளையாட்டுத் திடலிலும் ஓர் அக்கிரகாரம்! டெக்சாசில் கறுப்பினப் பள்ளிகள் 1920 முதல் 1970 வரை தனிக் கழகம் அமைத்தே ஆடவேண்டியிருந்தது. ஓஹருக்குக் கதவு திறந்த பிரையார்கிரெஸ்ட் பள்ளியும், மெம்பிஸில் நீதிமன்ற ஆணைப்படி இருநிறக் குழந்தைகளையும் பேருந்திலேற்றி ஒன்றுகலக்கத் தொடங்கிய வேளையில், 1973 இல், தோன்றியதே. படத்தில் பள்ளிக்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பிறப்புக் கதையும் அந்தப் பெயர் மாற்றத்தோடு மறைந்துபோயிற்று.

அன்று பிரித்தவன் மேலே இருந்தவன். கீழே இருப்பவன் நுழையாதிருக்கப் பிரித்தான். இன்று பிரிக்கச் சொல்பவன் எல்லோரையும் ஏற்கும் பள்ளிக்காரன். தன் பங்கு பறிபோகாதிருக்கச் சொல்கிறான். இரண்டுக்கும் பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடுமா? வகுப்புரிமை கேட்டவனையே வகுப்புவாதி என்று ஏசிய குரலைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு விளங்காமற் போகாது.

ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து மட்டும் பிரிப்பது பகுத்தறிவாகாது. கலிபோர்னியாவின் தெ லா சால் எனும் கத்தோலிக்கப் பள்ளி 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றது. அந்தத் தொடரை 2004 இல் முறித்தது வாஷிங்டன் மாநிலத்துப் பெல்வியூ. அரசுப் பள்ளிதான், ஆனால் செல்வர் வாழும் புறநகரத்துப் பள்ளி. அதன் அணிக்காக ஆதரவாளர்கள் சில மாணவருக்குத் தனியார் கல்வி நிலையக் கட்டணம் செலுத்தினர் என்று 2016 இல் விசாரணை அறிக்கை கூறிற்று. மாநிலக் கோப்பைச் சுற்றுகளிலிருந்து அது விலக்கப்பட்டது. பணம் எந்த வேலியையும் தாண்டும் போலும்.

இல்லினாய் மாநிலம் 2005 இல் ஒரு வேடிக்கை செய்தது. எல்லையற்ற பள்ளிகளின் மாணவர் தொகையை 1.65 ஆல் பெருக்கி, அந்தக் கணக்கின்படி பெரிய பள்ளிகளோடு மோதவிட்டது. 1,000 மாணவர் 1,650 ஆயினர். இல்லாத 650 பேர் ஏட்டிலே பிறந்தனர். டென்னசியின் வழி இதனினும் மேலானது. 1997 இல் அம்மாநிலம், விளையாட்டு வீரருக்குக் கட்டண உதவி தரும் தனியார் பள்ளிகளை ஒரு பிரிவிலும், தராத தனியார் பள்ளிகளை அரசுப் பள்ளிகளோடு மறு பிரிவிலும் வைத்தது. செயலைப் பார்த்துப் பிரித்தது அது. அதே 1997 இல், தம் பள்ளியில் சேரவிருந்த எட்டாம் வகுப்புச் சிறுவர்க்குப் பயிற்சிக்கு வருமாறு மடல் எழுதிய பிரென்ட்வுட் அகாடமியின் பயிற்சியாளரால் அப்பள்ளி தண்டிக்கப்பட்டது. பள்ளி வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை இருமுறை சென்று, ஆள்சேர்ப்புத் தடை பேச்சுரிமைக்கு மாறானதன்று என்ற தீர்ப்போடு 2007 இல்தான் ஓய்ந்தது. ஒரு மடலுக்குப் பத்தாண்டு! பந்தாட்டம் அங்கே வெறும் ஆட்டமன்று.

இத்தகைய விதி இருந்த மாநிலத்திலேதான், விதி வந்து ஆண்டுகள் சில கழிந்தபின், ஓஹர் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தார். தனிக்கோப்பை, தோற்கும் பள்ளியின் மானத்தைக் காக்கும். அதன் மாணவனைக் காக்காது. முதல் ஒன்பது ஆண்டுகளில் பதினொரு பள்ளிகளை மாறி மாறிக் கண்டவர் ஓஹர். ஏன் அவற்றுள் ஒன்றுகூட அவரைத் தாங்கவில்லை? சொத்து வரியைக் கொண்டே பள்ளிக்குப் பணம் திரட்டினால், வீடு மலிந்த பகுதியில் பள்ளியும் நலிந்தே கிடக்கும். அந்த ஏற்றத்தாழ்வு அரசமைப்புக்கு மாறானதன்று என்று உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வராய்த் தீர்ப்பளித்ததும் பிரையார்கிரெஸ்ட் பிறந்த அதே 1973 இல்தான். படத்துக்கு இதைக் கேட்க நேரமில்லை. சீமாட்டியின் வண்டி வந்துவிடுகிறது. பந்தாடத் தெரியாத, மலைபோலும் வளராத, பதினொரு பள்ளி மாறிய வேறொரு சிறுவனுக்கு எந்த வண்டி நிற்கும்?

சமையலறைப் புட்டிகளை அடுக்கிச் சிறுபிள்ளை ஒருவன் ஓஹருக்கு ஆட்டம் கற்பிப்பதாகப் படத்தில் ஒரு காட்சி வருகிறது. தாம் ஆட்டத்தை நன்கறிந்தவர் என்று ஓஹர் 2011 இல் தம் நூலில் மறுத்தெழுதினார். 2023 ஆகஸ்டில், அக்குடும்பம் தம்மைத் தத்தெடுக்கவே இல்லையென்றும், 2004 இல் வாங்கியது தம் ஒப்பந்தங்களில் கையிடும் காப்பாளர் உரிமையே என்றும், தம் பெயரால் பொருளீட்டினர் என்றும் மெம்பிஸ் நீதிமன்றம் ஏறினார். பொருள் பற்றிய குற்றச்சாட்டைக் குடும்பத்தார் மறுத்தனர். அந்த ஆண்டு செப்டம்பரில் காப்பாளர் உரிமையை நீதிபதி நீக்கினார். அப்போது ஓஹருக்கு வயது 37.